மாலை ஆறரை ஆனால் நெட் திணறுகிறது: வைஃபையா, லைனா, வெளியிலா?

சாட்ஸ்வொர்த் டீச்சர் | செவ்வாய், இரவு 8:40

எல்லோருக்கும் வணக்கம். செவ்வாய், வியாழன் மாலை ஆறரைக்கு ஆன்லைனில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பதினோரு பிள்ளைகள். டர்பனில் ஏழு பேர், மற்றவர்கள் ஜோகன்னஸ்பர்க், கேப் டவுன் பக்கம். வீட்டில் 200 எம்பிபிஎஸ் (நொடிக்கு 200 மெகாபிட்) ஃபைபர் லைன். மூன்று வாரமாக ஒரு வகுப்புகூட உருப்படியாக நடக்கவில்லை.

இன்று ழகரம் சொல்லிக் கொடுத்தேன். இங்கே தென்னாப்பிரிக்காவில் பிறந்த பிள்ளைகளுக்கு வீட்டில் ஆங்கிலம்தான், நாக்கை மடிக்க வைப்பதே பெரிய வேலை. ஒரு சின்னப் பெண் 'வாழைப்பழம்' சொன்னாள். எனக்குக் கேட்டது 'வா... பம்'. சரியாகச் சொன்னாளா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. மூன்று தடவை சொல்ல வைத்தேன். மூன்றாவது தடவை முகம் வாடிவிட்டது. தான்தான் தப்பாகச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

கம்பெனிக்கு நாலு தடவை போன் செய்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்கிறார்கள். காலையில் ஸ்பீடு டெஸ்ட் எடுத்தால் 180, 190 வருகிறது. 'லைன் நன்றாக இருக்கிறது' என்று வைத்துவிடுகிறார்கள். மாலையில் மறுபடி திணறல். சில நாள் இரண்டு நிமிடம் மொத்தமாகவே போய்விடுகிறது. 500க்கு ஏற்றினால் சரியாகும் என்று ஒருவர் சொன்னார். ஏற்றலாமா?

வெருலம் அண்ணன் | செவ்வாய், இரவு 9:05

டீச்சர், எனக்கும் நேற்று மெதுவாகத்தான் இருந்தது. கடலுக்கடியில் போகும் கேபிள் அறுந்திருக்கும் என்று நினைக்கிறேன். 2024ல் இப்படித்தான் ஆனது. அதைச் சரிசெய்யும்வரை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கம்பி வேலைக்காரர் | செவ்வாய், இரவு 9:50

வணக்கம் டீச்சர். முதலில் 500க்கு ஏற்றாதீர்கள். குரலுக்கு நொடிக்கு 100 கிலோபிட் அளவு போதும். படத்தையும் சேர்த்தால் இரண்டு மூன்று மெகாபிட். 200 லைனில் அதற்கு இடம் தாராளமாக இருக்கிறது. குரல் சின்னச் சின்னத் தகவல் துண்டுகளாக, அதாவது பாக்கெட்டுகளாகத்தான் வரும். அவை நேரத்துக்கு வந்து சேராததால்தான் குரல் உடைகிறது. லைனைப் பெரிதாக்கினால் அந்தத் தாமதம் அப்படியே இருக்கும், பில் மட்டும் ஏறும்.

வெருலம் அண்ணே, கேபிள் விஷயம் நியாயமான சந்தேகம்தான். 2024 மார்ச் 14ல் ஐவரி கோஸ்ட் பக்கம் மேற்குக் கரையின் நாலு கேபிள்கள் ஒரே நாளில் போயின. மே 12ல் நம்முடைய கிழக்குக் கரையில் ஈசியும் சீகாமும் சேர்ந்து அறுந்தன. இரண்டுமே ம்துன்சினியில், நமக்கு வடக்கே, கரையேறும் கேபிள்கள். ஆனால் கடல் கேபிள் அறுந்தால் வெளிநாட்டுத் தளங்கள் நாள் முழுக்க மெதுவாகும். மாலை ஆறரைக்கு மட்டும், அதுவும் நாட்டுக்குள்ளேயே பிள்ளைகளோடு பேசும்போது, இப்படி வராது. அதனால் அதை இப்போதைக்குத் தள்ளி வைப்போம்.

டீச்சர், நீங்கள் எழுதியதில் இரண்டு வியாதி இருக்கிறது. திணறல் ஒன்று, மொத்தமாகப் போவது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டாம். சில கேள்விகள்: காலை ஸ்பீடு டெஸ்ட் எந்தக் கருவியில் எடுத்தீர்கள்? வகுப்பு எந்த அறையில்? மொத்தமாகப் போகும்போது சுவரிலிருந்து ஃபைபர் வரும் வெள்ளைப் பெட்டியில், அதாவது ஓஎன்டியில், எந்த விளக்கு எரிகிறது? அதில் எல்ஓஎஸ் என்று ஒரு விளக்கு இருக்கும். வழக்கமாக அணைந்தே இருக்கும். சிவப்பாக எரிந்தால் பெட்டிக்கு வெளிச்சமே வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

சாட்ஸ்வொர்த் டீச்சர் | புதன், காலை 6:15

ஸ்பீடு டெஸ்ட் போனில் எடுத்தது, ஹாலில் ரவுட்டர் பக்கத்தில் நின்று. வகுப்பு பின்னறையில், லேப்டாப்பில். நடுவில் இரண்டு செங்கல் சுவர். விளக்கை இதுவரை பார்த்ததில்லை. ஹாலுக்கு ஓடிவருவதற்குள் நெட் திரும்பிவிடும்.

கம்பி வேலைக்காரர் | புதன், காலை 7:00

சரி, அப்படியென்றால் காலையில் வந்த 190 உங்கள் வகுப்பைப் பற்றி எதையும் சொல்லவில்லை. ரவுட்டர் 5, 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் வைஃபை தரும். ஹாலில் போன் 5ல் இருந்திருக்கும். பின்னறை லேப்டாப் பெரும்பாலும் 2.4ல் ஒட்டிக்கொண்டிருக்கும். 5 வேகமானது, ஆனால் செங்கல் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 சுவர் தாண்டும், ஆனால் அக்கம்பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் அதில்தான் நெருக்கியடிக்கும்.

வியாழன் வகுப்புக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னல் இரண்டு திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் ஆங்கில எழுத்தில் பிங் என்று அடித்து, இடைவெளி விட்டு 192.168.1.1, மறுபடி இடைவெளி, ஒரு சின்னக் கோடு, டி. இது உங்கள் ரவுட்டரை நொடிக்கொரு தடவை தட்டிப் பார்த்து, பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று காட்டும். சிலருக்கு 192.168.0.1 இருக்கும், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் பாருங்கள். இன்னொரு ஜன்னலில் அதையே 8.8.8.8க்கு. இது வீட்டுக்கு வெளியே, கூகுளின் கம்ப்யூட்டரைத் தட்டுவது. நமக்குப் பெரும்பாலும் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பதில் வரும். டர்பனிலிருந்து அது ரோடு வழியே ஏறக்குறைய 570 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் வெளிச்சம் ஒரு மில்லிசெகண்டில் 200 கிலோமீட்டர் ஓடும். போய்வர குறைந்தது ஆறு மில்லிசெகண்ட், நடுவில் பெட்டிகள் தாண்டும் நேரமும் சேரும். பத்து இருபதுக்குள் வந்தால் நல்ல எண்.

ரவுட்டருக்குப் போகும் எண்ணே எகிறினால் வியாதி வீட்டுக்குள். ரவுட்டர் எண் ஒழுங்காக இருந்து வெளி எண் மட்டும் எகிறினால், இல்லை நின்றுபோனால், லைனிலோ அதற்கு அப்பாலோ. எது நடந்தாலும் மணியைக் குறித்து வையுங்கள். ஹாலில் யாரையாவது உட்கார வைத்து விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பீனிக்ஸ் தம்பி | புதன், மதியம் 1:20

அண்ணா, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு 500 லைன். வைஃபை இல்லை, கேபிளில்தான் கம்ப்யூட்டர். எப்போது டெஸ்ட் எடுத்தாலும் 94. நள்ளிரவில் எடுத்தாலும் 94. கம்பெனி ஏமாற்றுகிறதா?

கம்பி வேலைக்காரர் | புதன், மதியம் 1:45

தம்பி, அந்த 94 எனக்கு ரொம்பப் பழக்கமான எண். பெரும்பாலும் உங்கள் கேபிளுக்குள் ஒரு கம்பி அறுந்திருக்கும்.

ஈதர்நெட் கேபிளில் எட்டுக் கம்பி, நாலு ஜோடி. 1000 எம்பிபிஎஸ் வேகத்துக்கு நாலு ஜோடியும் வேண்டும். ஒரு ஜோடி போனால் இரண்டு முனையும் பேசிப் பார்த்து, சரி, 100ல் ஓடுவோம் என்று இறங்கிவிடும். அதற்கு இரண்டு ஜோடி போதும். அந்த 100ல் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முகவரி, உறை என்று ஐந்தாறு சதவீதம் போனால் மிஞ்சுவது 94, 95. லைன் மெதுவாக இருந்தால் எண் ஏறி இறங்கும். ஒரே எண்ணில் ஆணி அடித்தாற்போல் நின்றால் கேபிளையோ சாக்கெட்டையோ பாருங்கள். நாற்காலிச் சக்கரம் ஏறும் இடம், கதவிடுக்கு, பிளாஸ்டிக் தலை உடைந்த முனை, இந்த மூன்றையும் முதலில். ரவுட்டர் பழையதாக இருந்தால் அதன் சாக்கெட்டே 100தான் என்றும் இருக்கலாம், மாடல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். கம்பெனியைத் திட்டுவதற்கு முன் வேறு கேபிள் ஒன்று மாட்டிவிடுங்கள்.

மாரிட்ஸ்பர்க் ஐயா | புதன், மாலை 5:30

லோட் ஷெடிங் சமயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். 2023ல் ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கினேன். கரண்ட் போனதும் ரவுட்டர் எரிகிறது, வைஃபை காட்டுகிறது, நெட் மட்டும் இல்லை. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, வெள்ளைப் பெட்டிக்குத் தனி கரண்ட் வேண்டும், அதை நான் சாதா பிளக்கிலேயே விட்டிருந்தேன். இரண்டையும் யுபிஎஸ்ஸில் போட்டதும் சரியாயிற்று. ஆனால் எல்லாப் பெட்டியும் 12 வோல்ட் இல்லை. சிலது 9. முனை பொருந்துகிறதே என்று மாட்டிவிடாதீர்கள், அடாப்டரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

கம்பி வேலைக்காரர் | புதன், மாலை 6:10

ஐயா சொன்னது பொன்னான விஷயம். ஒன்று சேர்க்கிறேன். ஃபைபரில் எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவில் தெருவில் இருக்கும் பெட்டிக்குக் கரண்ட் தேவையில்லை. ஒரே வெளிச்சத்தை 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரித்துக் கொடுக்கும் வெறும் கண்ணாடி வேலை அது. எக்ஸ்சேஞ்சில் பேட்டரியோ ஜெனரேட்டரோ ஓடும்வரை லைன் ஓடும். கரண்ட் போய் இரண்டு மூன்று மணி நேரம் நன்றாக இருந்து அப்புறம் போனால், அந்தப் பக்கத்துப் பேட்டரி தீர்ந்தது என்று வையுங்கள். உங்கள் யுபிஎஸ்ஸை மாற்ற ஓடாதீர்கள்.

சாட்ஸ்வொர்த் டீச்சர் | வியாழன், இரவு 8:15

சொன்னபடி செய்தேன். மகன் ஹாலில் உட்கார்ந்து விளக்கைப் பார்த்தான். அப்படியே எழுதுகிறேன்.

6:00: ரவுட்டர் 3, 4. வெளியே 14, 15.
6:25: ரவுட்டர் 380, 610, 90, அப்புறம் 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்'. வெளியேயும் அதே கதி. விளக்கு எல்லாம் பச்சை.
6:52: மொத்தமாகப் போயிற்று. மகன் 'சிவப்பு, சிவப்பு' என்று கத்தினான். எல்ஓஎஸ் சிவப்பு. வெளி ஜன்னலில் எல்லாம் டைம்ட் அவுட். ஆனால் ரவுட்டர் ஜன்னலில் 3, 4, 3, 3.
6:54: நெட் திரும்பியது. ரவுட்டர் மறுபடி 400, 500.

நெட் இல்லாத அந்த இரண்டு நிமிடத்தில் மட்டும் ரவுட்டர் நன்றாக இருந்தது. தப்பாகப் பார்த்துவிட்டேனோ என்று ஜன்னலை இரண்டு தடவை மேலே நகர்த்திப் பார்த்தேன். அப்படித்தான் இருக்கிறது.

கம்பி வேலைக்காரர் | வியாழன், இரவு 8:40

டீச்சர், தப்பே இல்லை. இத்தனை துல்லியமாக எழுதித் தந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த இரண்டு நிமிடம்தான் விடை.

லைன் போனதும் வைஃபை நெரிசல் கரைந்துவிட்டது. அப்படியென்றால் வீட்டுக்குள் ஏதோ ஒன்று வைஃபை வழியாக வெளியே எதையோ ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. வெளியே வழி அடைந்ததும் அதுவும் நின்றது, காற்று காலியானது, உங்கள் பிங் நலமானது. ஆறரைக்குப் பக்கத்தில் தொடங்குகிற, வெளியே அனுப்புகிற கருவி. வீட்டில் கேமரா இருக்கிறதா?

சாட்ஸ்வொர்த் டீச்சர் | வியாழன், இரவு 8:50

இருக்கிறது! போன மாதம் தெருவில் ஒரு வீட்டில் திருட்டு நடந்ததும் கணவர் நாலு கேமரா மாட்டினார். எல்லாம் வைஃபைதான். ஒன்று வாசல் கேட்டில், தூரத்தில். ஆனால் அவை பகலிலும் ஓடுகின்றனவே?

கம்பி வேலைக்காரர் | வியாழன், இரவு 9:20

பகலில் ஆள் நடமாடினால் மட்டும் பதிவு செய்து மேலே, இணையத்துக்கு அனுப்பும். இருட்டியதும் கேமரா தன் இன்ஃப்ரா ரெட் விளக்கைப் போடும். நம் கண்ணுக்கு அது தெரியாது, ஆனால் லென்ஸ் முன்னால் பறக்கும் பூச்சியைக் கேமராவுக்குப் பளிச்சென்று காட்டும். மார்ச் மாதம், நம்மூர்ப் புழுக்கம், மழை விட்ட மாலை. லென்ஸுக்கு ஒரு விரற்கடை முன்னால் அந்துப்பூச்சி சுற்றினால் கேமராவுக்கு அது ஒரு பெரிய உருவம். ஓயாமல் 'அசைவு, அசைவு' என்று வீடியோவை ஏற்றிக்கொண்டே இருக்கும். கேமராவின் ஆப்பில் இன்று ஆறரைக்கு மேல் பதிவானதைத் திறந்து பாருங்கள்.

நாலு கேமராவும் 2.4ல்தான் இருக்கும், இந்த வகையில் பெரும்பாலும் 5 கிடையாது. வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். கேட் கேமராவுக்குச் சிக்னல் பலவீனம், அதனால் மெதுவாகப் பேசும். ஒரே செய்தியைச் சொல்லி முடிக்க அதற்குப் பத்து மடங்கு நேரம்கூட ஆகலாம். அதுவரை உங்கள் லேப்டாப் வாயைத் திறக்க முடியாது. அந்த இடைவெளியில்தான் 'ழை'யும் 'ழ'வும் போயின.

சாட்ஸ்வொர்த் டீச்சர் | வியாழன், இரவு 9:45

பார்த்தேன். கேட் கேமராவில் மட்டும் 6:21 முதல் 8 மணி வரை 74 பதிவு. எல்லாவற்றிலும் வெள்ளைப் பூச்சி. ஒன்றில் பல்லி.

கம்பி வேலைக்காரர் | வியாழன், இரவு 10:05

சரி, இதற்கு மருந்து. கேமரா ஆப்பில் அசைவு உணர்வைக் குறையுங்கள். 'மனித உருவம் மட்டும்' என்று இருந்தால் அதைப் போடுங்கள். மெமரி கார்டு போடும் இடம் இருந்தால் முழுப் பதிவு கார்டில், முக்கியமானது மட்டும் மேலே. கேமராவைக் கழற்றச் சொல்ல மாட்டேன், வீட்டுப் பாதுகாப்பும் வேண்டும்.

லேப்டாப்பை 2.4லிருந்து விடுவியுங்கள். ஹாலிலிருந்து பின்னறைக்குச் சுவரோரமாக 20 மீட்டர் ஈதர்நெட் கேபிள் இழுத்தால் போதும். வகுப்பு எடுப்பவருக்குக் கேபிளைவிட நல்ல துணை இல்லை, இதை நான் எல்லா ஆசிரியர்களிடமும் சொல்கிறேன். ரவுட்டர் செட்டிங்கில் 2.4 சேனலை ஆட்டோவில் விடாமல் 1, 6, 11 இந்த மூன்றில் அக்கம்பக்கத்தில் கூட்டம் குறைந்ததில் வையுங்கள். மற்ற சேனல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பவை.

இனி சிவப்பு விளக்கு. இது வேறு வியாதி. 6:52க்கு நீங்களோ வீட்டில் வேறு யாராவதோ ஹாலில் என்ன செய்தீர்கள்?

சாட்ஸ்வொர்த் டீச்சர் | வெள்ளி, காலை 6:30

நான்தான் ஹாலுக்கு வந்தேன். படச்சீட்டு எடுக்க. வாழை, கிழங்கு, மழை எல்லாம் வரைந்த அட்டைகள் ஹாலில் இருக்கும் மர அலமாரியின் இழுப்பறையில் இருக்கின்றன. அந்த அலமாரி மேலேதான் வெள்ளைப் பெட்டியும் ரவுட்டரும்.

இப்போது எழுதும்போதே தோன்றுகிறது. இழுப்பறை கொஞ்சம் இறுகும், நான் இழுக்கும்போது அலமாரி ஆடும்.

கம்பி வேலைக்காரர் | வெள்ளி, காலை 6:55

அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். சுவரிலிருந்து பெட்டிக்கு வரும் மெல்லிய கம்பி நசுங்கியோ மடங்கியோ இருக்கும். செம்புக் கம்பி மடங்கினாலும் அதில் கரண்ட் ஓடும். ஆனால் கண்ணாடி இழை இறுக்கமாக மடங்கினால் வெளிச்சம் வளைவில் வெளியே கசிந்துவிடும். தேநீர்க் கோப்பை வாயளவு வட்டத்துக்குக் குறைவாக எங்கும் மடங்கக் கூடாது.

அலமாரியை இரண்டு பேராக மெதுவாக முன்னால் நகர்த்துங்கள். கம்பியை இழுக்காதீர்கள். பச்சை நிறத் தலையைக் கழற்றாதீர்கள், கழன்றுவிட்டால் அதன் முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள். உள்ளே வருவது 1490 நானோமீட்டர் லேசர், கண்ணுக்குத் தெரியாது. புடவைத் தலைப்பால் துடைக்கவும் கூடாது. ஒரு துளி எண்ணெய்ப் பசை பட்டாலே வெளிச்சம் குறைந்துவிடலாம்.

பிரவுசரில் வெள்ளைப் பெட்டியின் செட்டிங் பக்கத்துக்குள் போக முடிந்தால், ஆப்டிகல் என்ற இடத்தில் ஆர்எக்ஸ் பவர் என்று ஒரு எண் இருக்கும். பெட்டிக்கு வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு அது. நகர்த்துவதற்கு முன்னும் பின்னும் குறித்துத் தாருங்கள். மைனஸ் 15 முதல் 25 வரை நல்லது. பெரும்பாலான பெட்டிகளுக்கு மைனஸ் 27தான் எல்லை, அதற்கும் கீழே போனால் வெளிச்சம் போதாது.

வெருலம் அண்ணன் | வெள்ளி, காலை 9:10

இதைப் படித்துவிட்டு நானும் பார்த்தேன். என் பெட்டியில் மைனஸ் 26.4. எங்கள் வீட்டுக்குக் கம்பத்திலிருந்து கூரைக்குக் கம்பி தொங்கி வருகிறது. காலையில் குரங்குக் கூட்டம் அதில்தான் கடந்து போகும், குட்டிகள் தொங்கி ஆடும். அதுவாக இருக்குமா? யாரிடம் சொல்வது? மாதப் பணம் வாங்குகிறவர்கள், தெருவில் கம்பி போட்டவர்களைக் கேள் என்கிறார்கள். அவர்கள் இவர்களைக் கேள் என்கிறார்கள்.

கம்பி வேலைக்காரர் | வெள்ளி, காலை 9:40

இருக்கும் அண்ணே. கூரையோரம் கிளிப் கழன்று கம்பி ஓட்டு விளிம்பில் உரசுகிறதா என்று தரையில் நின்றபடியே பாருங்கள், ஏற வேண்டாம்.

புகார் எப்போதும் பணம் வாங்குகிறவரிடம்தான். உங்களோடு ஒப்பந்தம் அவர்களுக்கு. கம்பி போட்டவரிடம் அவர்கள்தான் டிக்கெட் போட வேண்டும், அந்த டிக்கெட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். போனில் 'நெட் ஸ்லோ' என்று தொடங்கினால் ரீஸ்டார்ட்டில்தான் நிற்பார்கள். இப்படிச் சொல்லுங்கள்: 'கேபிளில் சோதித்தேன். ரவுட்டருக்கு 1 மில்லிசெகண்டுக்குக் கீழே. இன்ன தேதி இன்ன மணிக்கு எல்ஓஎஸ் சிவப்பு. ஆர்எக்ஸ் மைனஸ் 26.4.' பெட்டியின் பக்கத்தில் தெரியும் அந்த ஆர்எக்ஸ் எண்ணைப் படம் பிடித்து ஈமெயிலில் அனுப்புங்கள். எழுத்தில் இருந்தால் தள்ளிவிட முடியாது. அதற்கும் அசையவில்லை என்றால் தொலைத்தொடர்புக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆணையமான இக்காசாவுக்குப் போகலாம். அங்கேயும் முதலில் கேட்பது நீங்கள் கம்பெனிக்கு எழுதிய கடிதத்தைத்தான்.

பீனிக்ஸ் தம்பி | வெள்ளி, இரவு 7:30

அண்ணா, கேபிள் மாற்றினேன். 478! பழைய கேபிள் கட்டில் காலுக்கு அடியில் தட்டையாகிக் கிடந்தது. நன்றி.

சாட்ஸ்வொர்த் டீச்சர் | செவ்வாய், இரவு 8:05

சனிக்கிழமை அலமாரியை நகர்த்தினோம். கம்பி சுவருக்கும் மரத்துக்கும் நடுவில் நசுங்கி, கொண்டை ஊசி மாதிரி மடங்கிக் கிடந்தது. முன்னால் மைனஸ் 26.9. வட்டமாகத் தளர்த்தி விட்ட பிறகு மைனஸ் 20.3. இழுப்பறையைப் பத்துத் தடவை இழுத்துப் பார்த்தோம், விளக்கு பச்சையாகவே இருந்தது. படச்சீட்டுகளைப் பின்னறைக்கே கொண்டுபோய்விட்டேன்.

லேப்டாப் இப்போது கேபிளில். கேமராவில் மனித உருவம் மட்டும் என்று மாற்றியாயிற்று. இன்று வகுப்பு முழுக்க ரவுட்டர் 1க்குக் கீழே, வெளியே 13, 14. அந்தச் சின்னப் பெண்ணை மறுபடி 'வாழைப்பழம்' சொல்லச் சொன்னேன். இரண்டாவது 'ழ'வில்தான் அவளுக்கு நாக்கு சரியாக மடியவில்லை, 'ல' வந்துவிடுகிறது. போன வாரம் எனக்கு இது கேட்கவே இல்லை. இன்று கேட்டது, திருத்தினேன், நாலாவது தடவையில் வந்துவிட்டது.

கம்பி வேலைக்காரர் ஐயாவுக்கு ஒரு கேள்வி பாக்கி. கேப் டவுன் பிள்ளை ஒருவனின் குரல் மட்டும் இன்னும் அறுகிறது. அவன் அம்மாவிடம் இந்த இரண்டு ஜன்னல் சோதனையையே கொடுக்கட்டுமா?

கம்பி வேலைக்காரர் | செவ்வாய், இரவு 8:30

கொடுங்கள் டீச்சர். அவன் எந்த அறையில் உட்காருகிறான், வீட்டில் கேமரா இருக்கிறதா, இதையும் கேட்டுவிடுங்கள். மணி போட்டு எழுதச் சொல்லுங்கள். வந்ததும் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.